இடது காதுக்கு மேலே ஒரு பள்ளம்

மணவாளன்தான் என் செட்டிங்கைக் கலைத்திருக்கிறான் என்று அந்தத் திங்கட்கிழமை காலையில் நான் முடிவே கட்டிவிட்டேன். வேறு யார் கலைப்பார்கள்? எங்கள் ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. மிஷினைத் தொடுகிற ஆட்கள் இரண்டே பேர். பகலில் நான், மாலையில் அவன். ஒரு படத்துக்கு அதிக நேரம் பிடிக்கிற மாதிரி நான் எதையாவது மாற்றி வைத்தால் அவனுக்குப் பிடிக்காது. வெளியே பெஞ்சில் காத்திருக்கும் முதுகுவலிக்காரர்கள் அவனைத்தானே திட்டுவார்கள்? காரணமும் இருக்கிறது, ஆளும் இருக்கிறான். ஒரு குற்றத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

சந்தேகம் எனக்குக் கூடவே பிறந்தது. என் வீட்டுக்காரர் ஷாகிர் காரணமில்லாமல் அல்வா வாங்கி வந்தால், அல்வாவை முதலில் தின்றுவிட்டு, பிறகு விசாரணையைத் தொடங்குவேன். ‘பர்ஹானா, நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும்’ என்று அவர் சலித்துக்கொள்ளாத நாள் இல்லை. ஆனால் எனக்குச் சோறு போடுவதே இந்தக் குணம்தான். காந்த அறைக்குள் போகிறவர் ‘என்னாண்ட இரும்பு எதுவும் இல்ல’ என்று சொன்னதும் நம்பிவிடுகிறவள் டெக்னீஷியன் வேலைக்கு லாயக்கில்லாதவள். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டிலிருந்து வந்த ஒருத்தரின் பேன்ட் பையிலிருந்து ஸ்பேனர் பறந்து போய் மிஷினில் ஒட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தவள் நான். அன்றிலிருந்து யார் பையையும் நம்புவதில்லை.

விஷயம் அருண்பாண்டியனின் தலையைப் பற்றியது. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஒரு மில்லில் வேலை பார்க்கிறவர். முப்பது வயதைத் தாண்டியவர். பழவேற்காடு ஏரியில் வலை வீசிய குடும்பம். இவர் மில்லுக்கு வந்துவிட்டார். நானும் பழவேற்காட்டுப் பெண்தான் என்பதால் வாய் திறந்ததுமே அந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துகொண்டேன். இவருக்கு இரண்டு வருடமாக வலிப்பு. உலைப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லி மில்லில் யார்டு பெருக்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தும் நிற்கவில்லை. வரும்போது முதலில் வலது கை துடிக்கும், வாய் கோணும், பேச்சு அப்படியே நின்றுவிடும்.

சென்னையில் அவரைப் பார்த்த டாக்டர்கள் சொன்னது இதுதான். மூளையின் இடது பக்கம், காதுக்கு மேலே, ஏதோ ஒரு சின்ன இடத்திலிருந்து வலிப்பு கிளம்புகிறது. அந்த இடம் பேச்சுக்கான பகுதிக்கு வெளியே இருந்தால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். பேச்சுப் பகுதியின் மேலேயே இருந்தால் கத்தி வைக்க முடியாது. வைத்தால் வலிப்பு போகும், வாயும் போகும்.

இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? தலை முழுக்க ஒயர்களை ஒட்டி மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்வார்கள். ஆனால் அந்த மின்சாரம் மூளையிலிருந்து கிளம்பி எலும்பைத் தாண்டி, தோலைத் தாண்டி வெளியே வருவதற்குள் எங்கெங்கோ பரவி, திசை மாறித்தான் வருகிறது. எங்கிருந்து கிளம்பியது என்று பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டுமென்றால் அந்த மனிதரின் தலை கம்ப்யூட்டரில் அச்சு அசலாக வேண்டும். தோல் எவ்வளவு, எலும்பு எவ்வளவு, மூளை எங்கே என்று. இதைத்தான் தலை மாடல் என்கிறார்கள். அந்த மாடலைக் கட்டுகிறவர் பாக்கியராஜ், சென்னையில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர். அவருக்குப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டியது நான். அருண்பாண்டியனுக்குக் கட்டுப்படியானது எங்கள் திருவள்ளூர் சென்டர்தான்.

முதல் படத்தை எப்போதும் போல மூளைக்கான செட்டிங்கில் எடுத்தேன். எடுத்து முடித்துப் பலகையை வெளியே இழுத்த உடனே மனிதருக்கு அங்கேயே வலிப்பு வந்துவிட்டது. அவர் மனைவி பிரேமா கதவருகே நின்று தலையில் அடித்துக்கொண்டாள். படம் முடிந்த பிறகு வந்ததே, அதுவே பெரிய புண்ணியம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் பாக்கியராஜ் போனில் குதித்தார். “மேடம், படத்துல மூக்கு நுனி வெட்டுப்பட்டு மண்டைக்குப் பின்னாடி வந்து உட்கார்ந்திருக்கு. காதை ரெண்டு பக்கமும் பஞ்சு வெச்சு அமுக்கியிருக்கீங்க. எலும்பு ஒரு பக்கம் தடியா, ஒரு பக்கம் மெல்லிசா தெரியுது. இதை வெச்சு நான் எப்படிக் கணக்குப் போடறது?”

எனக்குக் கோபம் வந்தது. மூளைப் படத்தில் மூக்கு எதற்கு? எந்த டாக்டரும் என்னிடம் இதுவரை மூக்கைக் கேட்டதில்லை. ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கொழுப்பும் தண்ணீரும் இந்த மிஷினுக்கு ஒரே சுருதியில் பதில் சொல்வதில்லை. அதனால் படத்தில் கொழுப்பு மட்டும் கொஞ்சம் நகர்ந்து விழும். தோலுக்கு அடியில் இருப்பது கொழுப்பு, எலும்போ படத்தில் வெறும் கருப்பு. கொழுப்பு நகர்ந்தால் ஒரு பக்கம் எலும்பை மூடும், மறுபக்கம் இல்லாத எலும்பைக் காட்டும். மூளையைப் பார்க்கிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மாடல் கட்டுகிறவருக்கு உயிர் போகிற விஷயம்.

அரைகுறைப் படத்தை வைத்து பாக்கியராஜ் ஒரு கணக்குப் போட்டிருந்தார். இடம் பேச்சுப் பகுதியின் மேலேயே விழுந்தது. “எனக்கே நம்பிக்கை இல்லை மேடம். எலும்பு சரியா இல்லாம இடம் சரியா வராது. வியாழக்கிழமை டாக்டருங்க கூடி முடிவு எடுக்கறாங்க. அதுக்குள்ள நல்ல படம் வரலைன்னா, இதையே வெச்சு ‘ஆபரேஷன் கிடையாது’ன்னு எழுதிடுவாங்க” என்றார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை முழுக்க, கரண்ட் கட்டுக்கு நடுவே ஜெனரேட்டர் போட்டுப் போட்டு, நான் அந்த செட்டிங்கோடு மல்லுக்கு நின்றேன். மூக்கும் தாடையும் காதும் முழுசாக விழுகிற மாதிரி படத்தின் எல்லையை விரித்தேன். கொழுப்பு நகராமல் இருக்க, மிஷின் சிக்னலை வாங்குகிற அகலத்தை, அதாவது பேண்ட்வித்தை ஏற்றினேன். ஏற்றினால் படம் மணல் தூவியது போல வருகிறது, அதைச் சரிக்கட்ட நேரத்தைக் கூட்டினேன். தோலின் கொழுப்பை அடக்குகிற பட்டனையும் போட்டேன். காதுக்குப் பஞ்சு வேண்டாம், நெற்றிப் பட்டை மட்டும் போதும் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். சனிக்கிழமை காலையில் வரச் சொன்ன அருண்பாண்டியன் மாலையில்தான் வந்து சேர்ந்தார். நான் வீட்டுக்குப் போயாயிற்று. மணவாளன் எடுத்து சென்னைக்கு அனுப்பினான்.

திங்கட்கிழமை பாக்கியராஜின் குரலே வேறு மாதிரி இருந்தது.

“எல்லாம் அருமையா வந்திருக்கு மேடம். மூக்கு, காது, எலும்பு எல்லாம். ஆனா இடது காதுக்கு மேலே மட்டும் ஒரு பெரிய பள்ளம். தோலே இல்லை. எலும்பும் வளைஞ்சு தெரியுது. வேற எங்கயும் இல்லை, நாம பார்க்க வேண்டிய அதே இடத்துல. அங்க யாராவது படத்தை அழிச்சாங்களா?”

அழிச்சாங்களாவாம்! என் சென்டரில் வந்து படம் அழிக்கிறார்களாம்! போனை வைத்துவிட்டு மணவாளனுக்குப் போன் போட்டேன். மதியத்துக்கு மேல் வர வேண்டியவன், என் குரலைக் கேட்டு நாஷ்டா கூட முடிக்காமல் ஓடி வந்தான்.

“இன்னாத்துக்கு செட்டிங்கைத் தொட்டே?” என்றேன், அவன் செருப்பைக் கழற்றுவதற்குள்.

“யாரு தொட்டா? நீ வெச்சது வெச்ச மாதிரியே போட்டேன்க்கா.”

“அப்ப இந்தப் பள்ளம் வானத்துலேர்ந்து வந்துச்சா?”

அவன் படத்தைத் திறந்து மூலையைக் காட்டினான். எந்த செட்டிங்கில் எடுத்தது என்பதை மிஷினே படத்தின் ஓரத்தில் பொறித்துவிடும். எல்லாம் நான் வைத்தது. ஒன்றுகூட மாறவில்லை. “போதுமா?” என்றான். முகம் சுருங்கிப் போயிருந்தது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குள் அடுத்த சந்தேகம் வந்துவிட்டது.

“அப்போ தலையில மாட்டற காயில்தான் கெட்டுப்பூடுச்சு” என்றேன். தலையைச் சுற்றி மாட்டும் கூண்டுக்குக் காயில் என்று பெயர். சோதனைக்கு வைத்திருக்கிற தண்ணீர்க் குடுவையை உள்ளே வைத்து எடுத்தோம். படம் பளிச்சென்று வந்தது. அப்போதும் என் முகத்தைப் பார்த்துவிட்டு மணவாளனே போய்ப் பலகையில் படுத்துக்கொண்டான். “என் தலையை எடுத்துப் பாருக்கா. அப்பவாச்சும் நம்பறியா பார்க்கலாம்.” எடுத்தேன். பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. அவன் தலைக்குள் மூளை இருக்கிறது என்பது மட்டும் உறுதியாயிற்று. அதைச் சொன்னதும்தான் சிரித்தான்.

சிரித்துவிட்டு ஒன்று சொன்னான். “அந்த ஆளு தலை பூரா எண்ணெய்க்கா. வடியறது. பேப்பரை விரிச்சுப் போட்டுத்தான் படுக்க வெச்சேன். பேப்பரெல்லாம் கருப்பு. டை அடிச்சிருக்காரு போலன்னு உட்டுட்டேன்.”

எண்ணெயால் பள்ளம் விழாது. இங்கே ஆர்.கே.பேட்டையிலிருந்து வருகிறவர்கள் பாதிப் பேர் தலையில் எண்ணெய் வழிய வழியத்தான் வருகிறார்கள். ஆனால் கருப்பு? என் சந்தேகம் மிஷினை விட்டு இறங்கி, அருண்பாண்டியனின் தலையில் ஏறி உட்கார்ந்தது. புதன்கிழமை காலையில் கட்டாயம் வரச் சொல்லி ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்பினேன். வியாழக்கிழமைக்கு முன்னால் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

வந்தார்கள். அருண்பாண்டியன் சாதுவான மனிதர். கேட்டால்தான் பேசுவார், அதுவும் வார்த்தையைத் தேடித் தேடி. பிரேமாதான் அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவள். ஆனால் அன்று அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தாள். நானும் அவளையே பார்த்தேன். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி நம்பாத பார்வை. கொஞ்ச நேரத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் பாத்ரூமுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவர் இடது காதோரம் எண்ணெய் மினுங்கியது. போகும்போது அந்த மினுக்கு இல்லை.

“இங்க வாங்க” என்று அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, முடிக்குள் விரலை விட்டேன். விளக்கெண்ணெய் வாசனை. அதற்கடியில் விரலுக்கு நெறநெறவென்று ஏதோ தட்டுப்பட்டது. பவுடர் மாதிரி, ஆனால் பவுடர் இல்லை.

“இன்னா தடவினீங்க?”

“மருந்து எண்ணெய்ன்னு அதுதான் வெச்சுது” என்று அருண்பாண்டியன் மனைவியைக் காட்டினார்.

பிரேமா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எங்களிடம் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்த வட்டம் ஒன்று உண்டு. யாராவது எவர்சில்வர் என்று சாதித்தால் ஒட்டிப் பார்க்க வைத்திருப்பது. அதை வெள்ளைத் துணியில் சுற்றி அவர் தலைமுடியில் மெல்லத் தேய்த்தேன். எடுத்துப் பார்த்தால், துணி முழுக்கக் கருப்பு மயிர் மயிராக நட்டுக்கொண்டு நின்றது. இரும்பு. மில்லில் பழுத்த கம்பியை உருட்டும்போது மேலே இருந்து உரிந்து விழுமே ஒரு கருப்புச் செதில், அதன் தூள்.

மணவாளன் “ஐயோ” என்றான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த மனிதரை முதல் தடவை உள்ளே விடும் முன்பே, மில்லில் வேலை பார்க்கிறவராயிற்றே, கண்ணுக்குள் இரும்புத் துகள் இருந்தால் கண்ணையே கிழித்துவிடுமே என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் விட்டேன். அப்படிப் பார்த்துப் பார்த்து விட்டவரின் தலையில் எண்ணெயில் குழைத்து இரும்பைப் பூசி அனுப்பியிருக்கிறாள்.

“அறிவு இருக்குதா உனக்கு? எண்ணெய் கண்ணுல வழிஞ்சிருந்தா இன்னா ஆயிருக்கும்? உன் புருஷன் குருடாயிருப்பாரு! அது காந்தம்மா, காந்தம்! ஆபரேஷனே வேணாம்னு நெனச்சுத்தானே இதைச் செஞ்சே?”

அப்படித்தான் நான் நினைத்தேன். தலையைத் திறக்க விடக் கூடாது என்று படத்தைக் கெடுக்கிறாள் என்று. இல்லாவிட்டால் சரியாக அந்த இடத்திலேயே ஏன் பூச வேண்டும்?

பிரேமா அழவில்லை. அவளுக்கும் கோபம்தான் வந்தது.

“நீங்கதானே மேடம் மொதோ வாட்டி எல்லாத்தையும் கழட்டினீங்க? இரும்புக் காப்பைக் கழட்டினீங்க. இடுப்பு அண்ணாக்கயிறுல கட்டின சாவியை அறுத்து எடுத்தீங்க. வேணாம் மேடம்னு எவ்ளோ சொன்னேன்? இரும்பு இல்லாம உள்ளே போனாரு, வெளிய வரச்சொல்லோ வலிப்பு. நீங்களே பார்த்தீங்க இல்ல?”

எங்கள் பக்கம் வலிப்பு வந்தவர் கையில் ஓடிப் போய் இரும்பைத் திணிக்காதவர் யார்? சாவிக்கொத்து, அரிவாள்மனை, கிடைத்தது எதுவோ அது. பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் விழுந்தால் பத்துச் சாவி நீளும். அந்த இரும்பைத்தான் நான் வாசலில் வைத்துப் பிடுங்கி வைத்திருக்கிறேன்.

“கையில வெச்சா பிடுங்கிடுவீங்க. அதான் அவரு பேன்ட்டு மடிப்புல இருந்து உதிர்ற தூளைச் சல்லடைத் துணியில சலிச்சு எண்ணெயில போட்டேன். டாக்டரு இந்தப் பக்கம்தான் சீக்குன்னாரு. சீக்கு இருக்கற எடத்துல வெச்சேன். ரெண்டாவது வாட்டி வலிப்பு வந்துச்சா? வர்ல. கேளுங்க அவரை.”

அருண்பாண்டியன் தலையைக் குனிந்துகொண்டார். வரவில்லைதான். அதுதான் வம்பு. அவள் கணக்கு சரியாக வந்துவிட்டிருந்தது. என் கணக்குதான் பள்ளத்தில் கிடந்தது.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன். சனிக்கிழமை எடுத்த படத்தைக் கொண்டுவந்து அந்தப் பள்ளத்தைக் காட்டினேன். “இது நீ வெச்ச இரும்பு. நோவு எங்கேர்ந்து வருதுன்னு பார்க்க வேண்டிய எடத்தை இது மறைக்குது. நாளைக்கு டாக்டருங்க கூட்டம். இப்ப படம் சரியா வரலைன்னா, ஆபரேஷன் இல்லைன்னு முடிஞ்சுபூடும். ஆயுசுக்கும் இப்படியேதான்.” கொஞ்சம் தணிந்த குரலில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். மணவாளன் அப்படி இல்லை என்று பிறகு சொன்னான்.

அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். “உள்ளே வலிப்பு வந்தா?” என்று மட்டும் கேட்டாள்.

“வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். நீயும் கூட வா. அவர் காலைப் பிடிச்சுக்கினு நில்லு.”

அதற்கு அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தலை அலசுவதிலேயே போயிற்று. ஷாம்பு போட்டு, சீப்பால் வாரி, காந்தத்தைத் தேய்த்து, மறுபடி ஷாம்பு. துணி வெள்ளையாகத் திரும்பி வரும் வரை விடவில்லை. கண்ணைக் கழுவி, கண்ணுக்கு மறுபடி எக்ஸ்ரே. பிரேமா தன் கொண்டை ஊசி, ஜாக்கெட் ஊக்கு எல்லாவற்றையும் ஒன்றொன்றாகக் கழற்றி மேஜையில் வைத்தாள். ஒவ்வொன்றையும் வைக்கும்போது என்னைப் பார்த்தாள்.

படம் பாதியில் ஓடிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கையை வீசினாள். மிஷின் சத்தத்தில் குரல் கேட்கவில்லை, வாய் மட்டும் தெரிந்தது. ‘வருது, வருது.’ மணவாளன் ஓடிப் போய்ப் பலகையை இழுத்தான். வலது கை துடித்து, வாய் கோணி, அப்புறம் உடம்பு முழுக்க. பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தோம். பிரேமாவின் கைகள் வெறுமனே இருந்தன. கொடுக்க எதுவும் இல்லை. அவர் காலை விட்டுவிட்டு மேலே வந்து அவர் வலது கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். அந்தத் துடிப்பில் அவள் தோள் வரை குலுங்கியது. கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் முழுக்க அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் யாருக்கும் விவரித்துச் சொல்லப் போவதில்லை. பார்த்தாயா என்று கேட்ட பார்வை. எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை.

துடிப்பு நின்றது. அவர் அப்படியே தூக்கத்தில் விழுந்தார். எங்கள் சென்டர் டாக்டர் வந்து நாடி, மூச்சு எல்லாம் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்காரு. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, வேணும்னா இந்தத் தூக்கத்துலயே எடுத்துக்கலாம். ஆனா வீட்டுக்காரம்மா சரின்னு சொல்லணும்” என்றார்.

அவளிடம் நான் எப்படிக் கேட்பது? இரும்பை எடுத்தேன், வலிப்பு வந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி வந்தது. பயத்தினால் வரும், தூக்கம் கெட்டால் வரும், இந்தத் தடதட சத்தத்தினால்கூட வரும் என்று ஆயிரம் சொல்லலாம். அந்த இடத்தில் அது எடுபடுமா?

பிரேமா தானாகவே சொன்னாள். “எடுங்க.”

“பயமா இல்லையா?”

“எப்பவும் வலிப்பு வந்தா ஓடிப்போய் இரும்பைக் குடுத்துட்டு தள்ளி நின்னுக்குவேன் மேடம். இன்னிக்குத்தான் புடிச்சேன். என் கையிலதான் துடிச்சுச்சு. என் கையிலயே நின்னுச்சு.” அவ்வளவு சொல்லிவிட்டு அவர் காலடிக்குப் போய் நின்றுகொண்டாள்.

ஆடாமல் அசையாமல் தூங்குகிற தலையை எடுப்பது என்பது எங்கள் தொழிலில் கொடுப்பினை. எலும்பு ஒரு நூல் போல, தலையைச் சுற்றி எங்கும் ஒரே சீராக விழுந்தது. இடது காதுக்கு மேலே தோல் இருந்தது, எலும்பு இருந்தது, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மணவாளன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்து, “செட்டிங் யாரு வெச்சது?” என்று கேட்டான். “வாயை மூடு” என்றேன். அதுதான் நான் அவனிடம் கேட்ட மன்னிப்பு. அவனுக்கும் அது புரிந்துவிட்டது.

வியாழக்கிழமை மாலை பாக்கியராஜ் போன் செய்தார். புதிய மாடலில் இடம் முன்பு விழுந்ததைவிட நன்றாகத் தள்ளி, பேச்சுப் பகுதிக்கு வெளியே விழுந்திருக்கிறது. டாக்டர்கள் ஆபரேஷன் செய்யலாம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வந்த வேகத்தில் சந்தேகமும் வந்தது: இந்த ஆள் கணக்கைச் சரியாகப் போட்டிருப்பாரா? நேரடியாகவே கேட்டேன். “நாலு தடவை போட்டுப் பார்த்தேன் மேடம், உங்களுக்குப் பயந்துக்கிட்டு” என்றார்.

மறுநாள் மதியம் பிரேமாவிடமிருந்து போன். ஆஸ்பத்திரி வராந்தாவின் இரைச்சல் பின்னால் கேட்டது.

“கையெழுத்துப் போடச் சொல்றாங்க மேடம். தலையைத் திறப்பாங்களாம். படம் சொல்ற எடத்துல எடுப்பாங்களாம்.” தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. “அந்தப் படம் தப்பா இருந்தா? மொதோ படம் ஒரு எடம் சொல்லுச்சு. இது வேற எடம் சொல்லுது. நடுவுல நீங்க இன்னாமோ மாத்தினீங்கன்னு அந்த சார் சொன்னாரு.”

“மாத்தினேன்மா. சரியா வரணும்னுதான் மாத்தினேன்.”

“நானும் அதுக்குத்தானே எண்ணெய் வெச்சேன்?”

எலும்பு, கொழுப்பு, பேண்ட்வித் என்று ஆரம்பிக்க வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரே தலைக்கு ஆளுக்கொரு வேலை செய்தோம். என் பக்கம் சரி, அவள் பக்கம் தப்பு என்று நான் ஆணையிட்டுச் சொல்லலாம். இரண்டு தடவை இரும்பில்லாமல் வந்த வலிப்பை அவள் கண்ணால் பார்த்தவள்.

“மேடம், உங்க ஊட்டுக்காரரா இருந்தா போடுவீங்களா? சந்தேகமே இல்லாம போடுவீங்களா?”

போடுவேன், கண்ணை மூடிக்கொண்டு போடுவேன் என்று சொல்லியிருந்தால் அவள் அந்த நிமிடமே எழுந்து அவரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

“சந்தேகப்பட்டுக்கினேதான் போடுவேன்” என்றேன். “டாக்டரை, மிஷினை, அந்த பாக்கியராஜ் சாரை, என்னை, எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கினு, திட்டிக்கினு, கை நடுங்கிக்கினு போடுவேன். ஆனா போடுவேன்.”

பின்னால் ஸ்ட்ரெச்சர் ஒன்று உருளும் சத்தம் கேட்டது. யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவரிடம் அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னாள்.

“பேனா குடுங்க.”